ஸ்கோப்பைப் பார்க்கிறோம், மவுன்ட்டைப் பார்ப்பதில்லை

டிராகுனோவ் என்ற ரஷ்ய ஸ்னைப்பர் துப்பாக்கியின் படம் செய்தியில் வந்தால் எல்லோர் கண்ணும் முதலில் அந்த நீளமான ஸ்கோப்புக்குத்தான் போகும். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும், இரவில் தெரியுமா, எவ்வளவு தூரம், இதுதான் பேச்சு. என் கண் அதற்குக் கீழே போகும். துப்பாக்கியின் இடப்பக்கத்தில் ஒரு சின்ன இரும்புத் தண்டவாளம் இருக்கிறது, அதைக் கவ்விக்கொண்டு ஒரு கிளாம்ப், அதை இறுக்க ஒரு நெம்புகோல். ஸ்கோப்புக்கும் குழலுக்கும் உள்ள உறவு முழுக்க அந்த உள்ளங்கை நீள இடத்தில்தான் இருக்கிறது. நான் பெங்களூரு பீன்யாவில் ஒரு டூல்ரூமில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவன், நாள் முழுக்க டயல் கேஜும் மைக்ரோமீட்டருமாகவே போகும், அதனால் எதைப் பார்த்தாலும் இரண்டு பாகம் சேருகிற இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ராணுவத்தில் வயதாகிப்போன ஸ்னைப்பர் துப்பாக்கிகளைப் பற்றி ரொம்ப நாளாகப் படித்தும் கேட்டும் வருகிறேன். எனக்கு ஒரே ஒரு விஷயம் உறுதியாகத் தோன்றுகிறது. அந்தத் துப்பாக்கிகள் குறி தவற ஆரம்பிக்கும்போது பழி கண்ணாடி மேல் விழுகிறது, ஆனால் முதலில் சோதிக்க வேண்டியது மவுன்ட், அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கிற அந்த அமைப்பு.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் போதும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு முனை மட்டும் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால், அதாவது சாதாரண ஜெராக்ஸ் பேப்பர் ஒன்றின் தடிமன் அளவு, கோணத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 10 செ.மீ., 600 மீட்டரில் 60 செ.மீ. தள்ளிப்போகும். 60 செ.மீ. என்றால் ஆளின் நெஞ்சைக் குறிவைத்த குண்டு ஆளையே தொடாமல் போய்விடும். நகர்வு அதில் பாதி, 0.05 மி.மீ. என்றாலும் 600 மீட்டரில் 30 செ.மீ. எங்கள் ஷாப்பில் 0.05 என்பது பெரிய அளவு, அதை ஃபீலர் கேஜால் பிடித்துவிடலாம். கண்ணால் மட்டும் பிடிக்கவே முடியாது, அங்கேதான் சிக்கல். ஸ்கோப்பை ஆட்டிப் பார்த்தால் ஆடாது, கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் நேற்று உட்கார்ந்த இடத்தில் இன்று உட்கார்ந்திருக்காது.

டிராகுனோவை எடுத்துக்கொள்வோம், நம் ராணுவத்துக்குப் பல பத்தாண்டுகளாகப் பழக்கமான துப்பாக்கி அதுதான். 1963-ல் சோவியத் படையில் சேர்க்கப்பட்டது, வடிவமைத்தவர் எவ்கெனி டிராகுனோவ். அதன் தோட்டா இன்னும் பழசு, 7.62×54 என்கிற விளிம்பு வைத்த அந்த ரகம் 1891-ல் வந்தது. ஸ்கோப்பின் பெயர் பிஎஸ்ஓ-1, நான்கு மடங்கு, முன் கண்ணாடி 24 மி.மீ., எடை 600 கிராமுக்குப் பக்கத்தில். இன்றைய கணக்கில் நான்கு மடங்கு கம்மிதான். ஆனால் அந்த ஸ்கோப்பை அலட்சியமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அதன் உள்ளே கீழ்ப்பக்கமாக ஒரு வளைகோடு இருக்கிறது. 1.7 மீட்டர் உயரமுள்ள ஆளின் காலை அடிக்கோட்டில் வைத்து, தலை வளைகோட்டின் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். தூரமானியும் வேண்டாம், எதுவும் வேண்டாம். மேலே உள்ள டிரம்மில், அதாவது எண் பொறித்த திருகில், அந்த எண்ணை வைத்தால் ஆயிரம் மீட்டர்வரை சரி, அதைத் தாண்டினால் நடுக்குறிக்குக் கீழே இன்னும் மூன்று அம்புக்குறிகள் இருக்கின்றன, 1100, 1200, 1300-க்கு. குளிரில் பேட்டரி செத்துப்போகும் என்பதால், பேட்டரியை உடுப்புக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு ஒயர் வழியாக ஸ்கோப்பின் விளக்குக்கு மின்சாரம் கொடுக்க ஒரு தனிச் சாமானே கூட வந்தது. இதை யோசித்தவர் பனியில் நின்ற ஆளாகத்தான் இருக்க வேண்டும். பகைவரின் அகச்சிவப்பு விளக்கைக் கண்டுபிடிக்க, வெயிலில் காட்டி உசுப்பிவிடுகிற ஒரு திரைகூட ஆரம்பகால மாடல்களில் உள்ளே வைத்திருந்தார்கள்.

சரி, ஏன் பக்கவாட்டில் மாட்டினார்கள்? டிராகுனோவின் மேல்மூடி மெல்லிய தகடு. உள்ளே சுத்தம் செய்ய அதைக் கழற்ற வேண்டும், கழற்றி மாட்டுகிற தகட்டின் மேல் ஸ்கோப்பை வைத்தால் குறி நிற்காது. அதனால் கெட்டியான ரிசீவரின், அதாவது துப்பாக்கியின் நடு உடம்பின், இடப்பக்கத்தில் தண்டவாளம். ஸ்கோப்பின் உடம்பும் அதன் கிளாம்ப்பும் ஒரே வார்ப்பு, தனித்தனியாகப் பிரிக்க முடியாது. பின்னாலிருந்து முன்னால் தள்ளி, நெம்புகோலை மடக்கினால் பிடித்துக்கொள்ளும். இதனால் இன்னொரு நல்லதும் உண்டு, ஸ்கோப் மாட்டியிருக்கும்போதே அதற்குக் கீழே இரும்புக் குறிகளைப் பார்க்கலாம். கண்ணாடி உடைந்தாலும் துப்பாக்கி குருடாகாது.

தேய்மானமும் இதே இடத்தில்தான் வருகிறது. லேத்தில் வேலை செய்த யாருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை, கிராஸ் ஸ்லைடின் டவ்டெயில் (சரிவான பக்கங்களால் கவ்விப் பிடிக்கும் வழித்தடம்) தேய்ந்தால் ஜிப் என்கிற இறுக்குப் பட்டையை இறுக்கி இறுக்கி ஓட்டுவோமே, ஒரு கட்டத்துக்கு மேல் ஒரு முனையில் இறுகி மறுமுனையில் ஆடும், அதே கதை. கிளாம்ப்பின் நெம்புகோலிலும் இறுக்கத்தைச் சரிசெய்ய ஒரு பல்வைத்த நட் இருக்கிறது. புதிய தண்டவாளமும் புதிய கிளாம்ப்பும் ஜோடியாக இருந்தவரை அது போதும். இருபது முப்பது வருடம் கழற்றி மாட்டி, தூசியும் மணலும் நடுவில் மாட்டி அரைத்து, ஒரு துப்பாக்கியின் ஸ்கோப் இன்னொன்றுக்கு மாறிப்போய், அதன் பிறகு அந்த நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது பிடிப்பது தேயாத மேட்டை மட்டும்தான்.

எங்கள் தெருவில், அல்சூர் பக்கம், மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் இருக்கிறார், சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். ராணுவத்தின் எம்இஜி (மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்) சென்டர் இருப்பதால் இந்தப் பகுதியில் ராணுவத்திலிருந்து வந்த தமிழர்கள் நிறையவே உண்டு, சாயங்காலம் ஏரிப் பக்கம் நடந்தால் நிமிர்ந்த முதுகை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த அண்ணன் ஸ்னைப்பர் கோர்ஸ் முடித்தவர். எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பதெல்லாம் அவர் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். ஆனால் சாமானைப் பற்றிக் கேட்டால் உட்கார்ந்து பேசுவார்.

“அண்ணே, ஸ்கோப்பைக் கழட்டி மாட்டினா ஜீரோ அப்படியே நிக்குமா?” என்று கேட்டேன். ஜீரோ என்றால் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்த நிலை.

“நிக்கணும் தம்பி, அதுக்குத்தான் அப்படிப் பண்ணியிருக்காங்க. புதுசுல நிக்கும். பழசாயிடுச்சுன்னா ஒரு கிளிக், ரெண்டு கிளிக் நகரும். கோத்துல குடுக்கும்போது கழட்டச் சொல்லுவாங்க, வேற வழியில்ல. அடுத்த தடவை எடுத்தா மறுபடி ரெண்டு ரவுண்டாவது போட்டுப் பாக்காம நான் நம்ப மாட்டேன்.”

கோத் என்றால் பட்டாலியனின் ஆயுத அறை. அப்புறம் சொன்னார், தண்டவாளத்திலும் கிளாம்ப்பிலும் சேர்த்து நெயில் பாலிஷில் ஒரு மெல்லிய கோடு போட்டு வைப்பாராம். மறுபடி மாட்டும்போது இரண்டு பாதிக் கோடும் நேராகச் சேர்ந்தால் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, முடி அளவு விலகினாலும் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டு. மாட்டும் முன்னால் தண்டவாளத்தை உலர்ந்த கந்தல் துணியால் துடைப்பாராம், எண்ணெய் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது என்று. நெம்புகோலை மடக்கும்போது எப்போதும் ஸ்கோப்பை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே மடக்குவாராம். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது, ஏனென்றால் நாங்கள் ஃபிக்ஸ்சரில் ஜாப் மாட்டும்போது சொல்லிக்கொடுப்பது வரிக்கு வரி இதேதான், துடை, ஒரே பக்கம் தள்ளு, பிறகு இறுக்கு. அவர் அளவுக்கருவி எதுவும் இல்லாமல் அனுபவத்தாலேயே அங்கே வந்து சேர்ந்திருக்கிறார். பிஎஸ்ஓ-1-ல் பக்கவாட்டு டிரம்மின் ஒரு கிளிக் ஆயிரத்தில் அரைப் பங்கு. அவர் சொன்ன ‘ஒரு கிளிக்’ என்பது மேலே நான் போட்ட கணக்கில் 0.05 மில்லிமீட்டர். ஆளும் கணக்கும் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள்.

இந்தத் தொல்லை ரஷ்யத் துப்பாக்கிக்கு மட்டும் உரியதல்ல, ஸ்கோப் மாட்டிய எல்லாப் பழைய ராணுவத் துப்பாக்கியிலும் இது உண்டு, காரணம் ஒன்றுதான்: அவற்றில் பெரும்பாலானவை ஸ்கோப்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டில் ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளி மாட்டினார்கள், மேலே இருந்து கிளிப்பால் தோட்டா நிரப்ப வழி வேண்டுமென்று. அப்படித் தள்ளி மாட்டினால் பார்வைக் கோடும் குண்டின் பாதையும் ஒரு தூரத்தில் மட்டும்தான் வெட்டிக்கொள்ளும், முன்னும் பின்னும் விலகும். பதுங்குகுழியின் சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும்போது குழலுக்கு இடம் இருந்தால் ஸ்கோப்புக்கு இடம் இருக்காது. அமெரிக்காவின் காரண்டில் எட்டுத் தோட்டாக் கிளிப் மேலிருந்துதான் உள்ளே போகும், அங்கேயும் ஸ்கோப் இடப்பக்கம், சுடுகிறவரின் முகம் கோணலாக உட்காராமல் இருக்கக் கட்டையில் தோலால் ஒரு கன்னத் திண்டு கட்டினார்கள். ரஷ்யாவின் மோசின்-நாகன்ட்டிலோ ஸ்கோப் நடுவில்தான், அதனால் போல்ட்டின் நேரான கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்கும். கைப்பிடியையே நீளமாக்கிக் கீழே வளைத்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 டி. இரண்டாம் உலகப் போரில், தொழிற்சாலையில் நன்றாகச் சுட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கி எடுத்து, லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்திடம் கொடுத்தார்கள், பணக்காரர்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்கிறவர்கள். 1942-லிருந்து இருபதாயிரத்துக்கும் மேல் மாற்றிக் கொடுத்தார்கள். ரிசீவரின் இடப்பக்கத்தில் இரண்டு இரும்புத் திண்டுகளைத் திருகி, ஆணிகள் கழலாமல் குத்திப் பூட்டி, அதன் மேல் ஒரு பெரிய பிராக்கெட், அதைக் கையாலேயே திருகக்கூடிய இரண்டு பெரிய ஸ்க்ரூ. ஸ்கோப்பின் பெயர் நம்பர் 32, மூன்றரை மடங்கு, முதலில் பிரென் எந்திரத் துப்பாக்கிக்காக யோசித்தது, ஆகவே முரட்டு உடம்பு. எனக்கு முக்கியமாகத் தெரிவது அவர்கள் எண் போட்ட விதம். பிராக்கெட்டில் துப்பாக்கியின் எண்ணை அடித்தார்கள், துப்பாக்கியின் மரக்கட்டையில் கைபிடிக்கிற இடத்துக்கு மேலே ஸ்கோப்பின் எண்ணை அடித்தார்கள். இது இதற்கு, வேறு எதற்கும் இல்லை. அன்றைய ஸ்கோப்பில் திருகைத் திருகினால் குறுக்குக்கோடே ஓரமாக நகர்ந்துவிடும், பார்வை நடுவில் நிற்காது, அதனால் மவுன்ட்டையே ராவி, ஒட்டி, குழலுக்கு நேராக உட்கார வைத்தாக வேண்டும். ஒவ்வொன்றும் கை வேலை. அதே துப்பாக்கிகளில் கொஞ்சத்தை எடுத்து, 1970 வாக்கில் 7.62 நேட்டோ குழல் மாட்டி எல்42 ஆக்கினார்கள், ஸ்கோப் அதே நம்பர் 32-தான், டிரம் மட்டும் புதுத் தோட்டாவுக்கு மாற்றப்பட்டது. 1982 ஃபாக்லாந்துப் போருக்கும் அது போனது. நாற்பது வருடம் ஒரு மவுன்ட் உழைத்தது என்றால், ஜோடி மாறாமல் வைத்திருந்தது ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

டிரம் விஷயத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிஎஸ்ஓ-1-ன் டிரம்மில் உள்ள எண்கள் ஒரு குறிப்பிட்ட குண்டு, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்காகப் பொறித்தவை. தோட்டாவின் ரகம் மாறினால் ‘6’ என்பது 600 மீட்டர் ஆகாது. மவுன்ட்டையும் தோட்டாவையும் விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் மாற்றுவது வீண்செலவு என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

இப்போதைய உலகம் பிக்காட்டினி ரெயிலுடையது, அதாவது ஸ்கோப் மாட்டக் குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய தண்டவாளம். 1995-ல் அமெரிக்க ராணுவம் மில்-ஸ்டாண்டர்ட் 1913 என்று அதைத் தரப்படுத்தியது. பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மி.மீ. வரைபடத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும், யார் எங்கே செய்தாலும் பொருந்த வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொரு அளவிலும் தெரியும். குறுக்குப் பள்ளம் அழகுக்கு இல்லை. சுடும்போது துப்பாக்கி வெடுக்கென்று பின்னால் போகிறது, ஸ்கோப் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, அந்த உதையை ஸ்க்ரூவின் பிடி மட்டும் தாங்காது, பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும் குறுக்குக்கட்டை தாங்க வேண்டும். அதனால்தான் மவுன்ட்டைப் பள்ளத்தில் வைத்து, முன்னால் தள்ளி முட்டவைத்து, அப்புறம் இறுக்க வேண்டும். இறுக்குவதும் கை மதிப்பில் அல்ல, டார்க் ரெஞ்ச்சில். ஸ்கோப்பைச் சுற்றிய வளையங்களின் ஸ்க்ரூவுக்குச் சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான், அதற்கு மேல் போனால் குழாயே நசுங்கி உள்ளே லென்ஸ் சட்டம் இறுகிவிடும். “நல்லா டைட் பண்ணிட்டேன்” என்ற வார்த்தையை நான் எங்கே கேட்டாலும் பயப்படுகிறேன்.

பழைய டிராகுனோவுக்குப் பிக்காட்டினி கொடுக்கப் பல வழிகள் உண்டு. பக்கத் தண்டவாளத்தில் மாட்டுகிற அடாப்டர் ஒன்று, மலிவானது, ஆனால் தேய்ந்த தண்டவாளத்தின் பாவத்தை அப்படியே சுமக்கும், ஒரு இணைப்பு இருந்த இடத்தில் இரண்டு இணைப்பு. கட்டையையும் கைப்பிடிகளையும் மொத்தமாக எடுத்துவிட்டு, மேலே நீளமான ரெயிலோடு அலுமினியச் சட்டகம் மாட்டுவது இன்னொன்று. ரஷ்யர்களே பின்னாளில் எஸ்விடிஎம் என்ற மாடலில் குழலைக் கனமாக்கி, மேல்மூடியைக் கீல் வைத்துக் கெட்டியாக்கி அதன் மேலேயே ரெயிலை வைத்துவிட்டார்கள்.

அலுமினியம் என்றதும் எனக்கு வெப்பம் ஞாபகம் வரும். இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் நீளும், அலுமினியம் 23. ராஜஸ்தான் வெயிலில் 45 டிகிரியில் மாட்டிய சாமான் லடாக்கில் மைனஸ் 20-க்குப் போகிறது, வித்தியாசம் 65 டிகிரி. 100 மி.மீ. நீளத்தில் இரண்டு உலோகத்துக்கும் இடையே 0.07 மி.மீ. இழுபறி. மவுன்ட்டின் ஒரு முனை முட்டி, மறுமுனை வழுக்க இடம் விட்டு வடிவமைத்திருந்தால் இது ஒன்றும் செய்யாது. இரண்டு முனையையும் கட்டிப்போட்டிருந்தால் வளையும் அல்லது வழுக்கும், இரண்டில் எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தூரம் கூடக்கூட இன்னொன்றும் சேரும். எண்ணூறு, ஆயிரம் மீட்டருக்கு ஸ்கோப்பின் உள் திருகல் போதாமல் போகலாம் என்று ரெயிலையே முன்பக்கம் சாய்த்துச் செய்வார்கள், 20 எம்ஓஏ என்பது வழக்கம். எம்ஓஏ என்றால் டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, 100 மீட்டரில் 2.9 செ.மீ. அந்த 20 எம்ஓஏ சாய்வு 100 மி.மீ. ரெயிலில் வெறும் 0.58 மி.மீ. உயர வித்தியாசம். இதைச் சரியாகக் கிரைண்ட் செய்து, சரியாக அளந்து கொடுப்பது இந்த ஊரில் தினசரி வேலை.

இந்த ஊர் என்று சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பெருமை உண்டு. எஸ்எஸ்எஸ் டிஃபென்ஸ் என்ற பெங்களூரு நிறுவனம் வைப்பர், சேபர் என்று சொந்தமாக ஸ்னைப்பர் துப்பாக்கிகளே செய்கிறது. வெப்பப் படக் கருவிகள் செய்யும் டோன்போ இமேஜிங் இங்கேதான். பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். அந்தப் பக்கம் 2019-லிருந்து எல்லையில் பெரெட்டாவின் .338, பாரெட்டின் .50 என்று புது ஸ்னைப்பர் துப்பாக்கிகள் எல்லாம் வர ஆரம்பித்துவிட்டன, பிறகு ஃபின்லாந்தின் சாக்கோவும் வந்தது. ஆனால் ராணுவம் பெரியது, எல்லாப் பட்டாலியனுக்கும் புதுசு உடனே போய்ச் சேராது. டிராகுனோவ் இன்னும் பல வருடம் யாரோ ஒருவர் தோளில் இருக்கத்தான் போகிறது, அந்த யாரோ நம் பிள்ளைகள்.

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். பழைய துப்பாக்கிக்குப் புது ஸ்கோப் வாங்கும்போது, ‘இத்தனை மடங்கு, இத்தனை மீட்டர்’ என்ற வரிகளுக்கு முன்னால், ‘கழற்றி மாட்டினால் குறி எவ்வளவு நகரலாம்’ என்ற வரி வர வேண்டும். பல தடவை கழற்றி மாட்டி, சூட்டிலும் குளிரிலும் வைத்து எடுத்து, ஒவ்வொரு முறையும் சுட்டு அளந்த காகிதத்தைக் கேட்க வேண்டும். டிராகுனோவின் குழல், நல்ல ஸ்னைப்பர் தோட்டாவிலேயே ஒரு எம்ஓஏவைச் சற்றுத் தாண்டித்தான் சிதறும், அதற்கு மேல் இருபத்தைந்து மடங்கு ஸ்கோப் வைப்பதால் குண்டு ஒன்றுக்கொன்று நெருங்கிவிடாது. ஆனால் மவுன்ட்டால் வரும் நகர்வைக் கிட்டத்தட்ட முழுசாக ஒழிக்கலாம்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது இன்னும் எளிது. எந்தத் துப்பாக்கியின் தண்டவாளம் தேய்ந்திருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று பிரித்துவிட வேண்டும். அதற்கு ஒரு கோ, நோ-கோ கேஜ் போதும், கெட்டிப்படுத்திய எஃகில் அந்தத் தண்டவாளத்தின் எதிர் வடிவம், ஒரு பக்கம் ஏற வேண்டும், மறுபக்கம் ஏறக் கூடாது. கோத்தில் உட்கார்ந்துகொண்டே ஒரு ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்க்கிறவர், ஒரு மதியத்தில் பட்டாலியனின் எல்லா ஸ்னைப்பர் துப்பாக்கியையும் சோதித்து முடித்துவிடலாம். வரைபடம் கொடுத்தால் அந்தக் கேஜைச் செய்து தரக்கூடிய ஷாப் பீன்யாவில் தெருவுக்கு இரண்டு இருக்கிறது.